மதுரையில் கண்ணகை அம்மனைத் தேடிப் போகிறவர்களுக்கு

உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். ஒட்டுசுட்டானில் இருக்கும் உங்கள் அம்மம்மா, 74 வயதில், கண் மூடுவதற்கு முன் "கண்ணகை அம்மன் எரித்த மதுரையை" ஒருக்கால் பார்க்கவேண்டும் என்கிறார். மீனாட்சி அம்மன் கோயிலுக்குள்தான் கண்ணகி இருக்கிறாளா, மீனாட்சியும் கண்ணகியும் ஒருத்திதானா, இல்லையென்றால் அம்மம்மாவை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது பயணக் கேள்வி. உண்மையில் நீங்கள் கேட்பது வேறு: முல்லைத்தீவு வற்றாப்பளையில் நாங்கள் அம்மாளாச்சி என்று கும்பிடும் கண்ணகிக்கும் மதுரைக்கும் உள்ள தொடர்பு என்ன, அந்தத் தொடர்பை அங்கே போய்க் கண்ணால் பார்க்க முடியுமா? முடியும். ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் முப்பது வருடத்துக்குக் கிட்டத் தமிழ் படிப்பித்தவன். உயர்தர வகுப்புக்குச் சிலப்பதிகாரம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். 90களில் இடம்பெயர்ந்து மதுரைப் பக்கத்து முகாம் ஒன்றில் சில வருடம் இருந்தேன். தொல்லியல் படித்தவன் அல்ல. ஆகவே நூலைப் பற்றிச் சொல்வதைத் தைரியமாகச் சொல்வேன், மண்ணைத் தோண்டி எடுத்தவற்றைப் பற்றி அடக்கமாகத்தான் சொல்வேன்.

முதலில் நிச்சயமானது. மீனாட்சி வேறு, கண்ணகி வேறு. மீனாட்சி பாண்டியன் மகள். மலயத்துவசனும் காஞ்சனமாலையும் வேள்வி செய்ய, தீயிலிருந்து மூன்று தனங்களோடு தோன்றிய தடாதகை, சிவனைக் கண்டதும் மூன்றாவது மறைந்து, சொக்கநாதருக்கு மனைவியாகி மதுரையை ஆண்டாள் என்று திருவிளையாடற் புராணம் சொல்கிறது. கண்ணகி பூம்புகாரில் பிறந்த வணிகர் மகள், பாண்டியனிடம் நீதி கேட்டு வந்தவள், தன் இடமுலையைத் திருகி எறிந்து ஊரை எரித்தவள். ஒருத்தி அந்த ஊரின் அரசி, மற்றவள் அந்த ஊரை எரித்தவள். இரண்டு கதையிலும் பெண்ணின் முலையும் நெருப்பும் வருவதால் ஆதியில் ஒரே மூலத்திலிருந்து கிளைத்த கதைகளாக இருக்கலாம் என்று எழுதிய ஆய்வாளர்கள் உண்டு. யோசிக்க நல்ல கருத்துத்தான், ஆனால் ஊகம். சிலப்பதிகாரத்தில் மீனாட்சி என்ற பெயரே இல்லை. கோவலன் பார்த்த மதுரையில் நெற்றிக்கண் கொண்ட இறைவன் கோயில் இருந்தது என்று ஊர்காண் காதை சொல்கிறது. திருமால், பலராமன், முருகன் கோயில்களையும் சேர்த்துச் சொல்கிறது. அந்தச் சிவன் கோயில்தான் இன்றைய சொக்கநாதர் கோயிலின் ஆதி என்று பலர் நம்புகிறார்கள், அப்படி இருக்கவும் கூடும். ஆனால் இன்று நாங்கள் பார்க்கிற கட்டடத்தில் பெரும்பகுதி நாயக்கர் காலத்தது. 1311இல் மாலிக் கபூர் படையெடுத்தபின் அடிபட்டுக் கிடந்த கோயில், விசயநகரத்தார் வந்தபின் மீண்டு, 16ஆம் 17ஆம் நூற்றாண்டுகளில்தான் இந்த உருவத்துக்கு வந்தது.

அதற்காக மீனாட்சி கோயிலுக்குப் போகாமல் விடாதீர்கள். அம்மம்மா கிழக்கு வாசலில் அட்டசக்தி மண்டபத்தால் உள்ளே போய், பொற்றாமரைக் குளத்தின் படியில் கொஞ்சம் இருக்கட்டும். அங்கிருந்து பார்த்தால் தெற்குக் கோபுரம் தெரியும், கிட்டத்தட்ட 170 அடி. அந்த ஊர் வழக்கப்படி முதலில் மீனாட்சியைக் கும்பிட்டுவிட்டுத்தான் சுவாமி சந்நிதிக்குப் போவார்கள். ஆயிரங்கால் மண்டபத்தில் உண்மையில் 985 தூண்கள். மத்தியானம் நடை சாத்தினால் பின்னேரம்தான் திறப்பார்கள். கைபேசியை வெளியே வைத்துவிட்டுத்தான் போகவேண்டும், ஆகவே படம் எடுத்துக் காட்டலாம் என்று அம்மம்மாவுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். ஒருகாலத்தில் பஞ்சமர், நாடார் என்று ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் வைத்தியநாத ஐயரோடு இந்தக் கோயிலுக்குள் நுழைந்தது 1939 ஜூலை 8இல். நீதி கேட்டு ஒருத்தி வந்து நின்ற ஊர் என்பதால் எனக்கு இந்தச் செய்தி எப்போதும் மனதில் நிற்கும்.

சரி, கண்ணகி எங்கே? நகரத்துக்குள்ளேயே, சிம்மக்கல் பக்கம், வைகையின் தென்கரையை அண்டி, செல்லத்தம்மன் கோயில் என்று ஒன்று இருக்கிறது. அங்கே கையில் சிலம்போடு கண்ணகி நிற்கிறாள். முகாமில் இருந்த காலத்தில் என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மீனாட்சி கோயிலில் சனத்தோடு சனமாக அள்ளுண்டு போய் வந்த அம்மா, இங்கே அந்தச் சின்னச் சிலைக்கு முன்னால் நின்று ஒன்றும் பேசவில்லை. மடியில் முடிந்து வைத்திருந்த வெற்றிலையையும் பாக்கையும் எடுத்து வைத்தார். பிறகு பூசாரியைப் பார்த்து, "ஐயா, இவவுக்கு ஆர் பொங்குறது?" என்று கேட்டார். அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. எங்களுக்கு அம்மாளாச்சி என்றால் பொங்கல். முல்லியவளையில் பிறந்து வளர்ந்த மனுசிக்குப் பொங்கல் இல்லாத கண்ணகை அம்மனை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. வெளியே வந்து வைகைப் பாலத்தடியில் இருந்து கனநேரம் அழுதார். உங்கள் அம்மம்மாவும் இப்படி ஏதும் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள்.

வைகை என்றதும் ஒன்று சொல்லவேண்டும். கோவலனும் கண்ணகியும் அவர்களோடு வந்த சமணத் துறவி கவுந்தி அடிகளும் மரப்புணையில் ஏறி அந்த ஆற்றைக் கடக்கிறார்கள். கரையெல்லாம் பூ, தண்ணீர் முழுக்கப் பூ. இளங்கோ சொல்கிறார்: கண்ணகிக்கு வரப்போகும் துன்பம் வையை என்ற அந்த ஆற்றுப்பெண்ணுக்குத் தெரியும், தன் கண்ணீரை மறைக்கத்தான் அந்தப் பூவாடையைப் போர்த்திக்கொண்டாள். இப்போது வருடத்தில் பல நாள் அந்த ஆற்றில் மணல்தான் தெரியும். அம்மம்மாவிடம் முதலே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் ஏமாந்துபோவார்.

இன்னோர் இடம், வழிகாட்டிகள் யாரும் காட்டாத இடம். ஊரை எரித்தபின் மதுராபதி, அதாவது அந்த ஊரின் தெய்வம், கண்ணகியிடம் வருகிறாள். முன்னால் வந்து நிற்கப் பயந்து பின்னால் வந்து நின்று பேசுகிறாள். பாண்டியன் வேண்டுமென்று தவறியவன் அல்ல, இது பழைய பிறப்பின் வினை என்று ஆற்றுகிறாள். அதன்பின் கண்ணகி கொற்றவை கோயில் வாசலில் தன் வளையல்களை உடைத்துவிட்டு, "கீழ்த்திசை வாயில் கணவனொடு புகுந்தேன், மேல்திசை வாயில் வறியேன் பெயர்கு" என்று சொல்லிப் போகிறாள். கிழக்கு வாசலால் புருசனோடு வந்தேன், மேற்கு வாசலால் தனியே போகிறேன். இத்தனை வருடம் படிப்பித்தும் இந்த வரியை வகுப்பில் சத்தமாக வாசிக்கும்போது ஒவ்வொரு தரமும் குரல் அடைக்கும். எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேரின் தாய்மார் இப்படி ஒரு வாசலால் சோடியாகப் போய் இன்னொரு வாசலால் தனியே வந்தவர்கள். இன்றைய மதுரையில் ரயில் நிலையத்துக்கு எதிரே போகும் தெரு மேல வெளி வீதி. பழைய கோட்டையின் மேற்கு மதில் அந்தப் பக்கம்தான் நின்றது, 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் மதிலை இடித்து அகழியைத் தூர்த்தபின் வந்த வீதி அது. அந்தக் கோட்டை நாயக்கர் காலத்தது, கண்ணகி வெளியேறிய வாசல் அதுவேதான் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் ஊரின் மேற்கு அதுதான்.

ஊருக்குத் தெற்கே பழங்காநத்தம் பக்கம் கோவலன் பொட்டல் என்ற இடம் இருக்கிறது. கோவலன் வெட்டுண்ட இடம் என்பது ஊர் நம்பிக்கை. அங்கே தமிழகத் தொல்லியல் துறை தோண்டியபோது முதுமக்கள் தாழிகள் கிடைத்தன. அதாவது அது பழைய ஈமக்காடு என்பது நிச்சயம், கோவலன் கதை நம்பிக்கை. அழகர்கோயில் போகும் வழியில் கடச்சனேந்தல் என்ற ஊர்ப்பெயருக்குக் "கடைச்சிலம்பு ஏந்தல்" என்று விளக்கம் சொல்லி, ஆயர்குலத்து மாதரி வீட்டில் கண்ணகி தங்கியது அங்கேதான் என்பாரும் உண்டு. கேட்க இனிமையாக இருக்கும், சொல் ஒலிக்குப் பின்னால் கட்டிய கதை என்பதுதான் என் எண்ணம்.

அப்புறம் மங்கலதேவி. நீங்கள் இணையத்தில் பார்த்த மலைக்கோயில் அதுதான். சிலப்பதிகாரப்படி கண்ணகி மதுரையை விட்டு வைகைக் கரையோடு மேற்கே நடந்து, பதினான்காம் நாள் நெடுவேள் குன்றத்தில் ஒரு வேங்கை மரத்தடியில் நின்று விண்ணுலகம் போகிறாள். சேரன் செங்குட்டுவன் இமயத்துக் கல் கொண்டுவந்து கோயில் எடுக்கிறான். அந்தக் கோயில் தேனி மாவட்டத்துக் கூடலூருக்கு மேலே, தமிழகமும் கேரளமும் தொடும் மலையில் இருக்கும் மங்கலதேவிதான் என்று பேராசிரியர் சி. கோவிந்தராசனார் 1960களில் நடந்து ஆராய்ந்து சொன்னார். தமிழகத்தில் பலர் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். கொடுங்கல்லூர் பகவதி கோயில்தான் என்பார் இன்னொரு சாரார். சேரன் தலைநகர் வஞ்சி எது, கரூரா கொடுங்கல்லூரா என்ற பழைய வழக்கும் இதோடு பின்னிக் கிடக்கிறது. தீர்ந்த வழக்கு அல்ல. மங்கலதேவி புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வருடத்தில் ஒரே நாள், சித்திரா பௌர்ணமி அன்று மட்டும், சனத்தை விடுவார்கள். குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம், கூடலூர்ப் பக்கம் பளியன்குடியிலிருந்து நடந்தும் ஏறலாம். ஜீப் பாதை உடம்பை உலுப்பி எடுக்கும். அம்மம்மாவுக்கு முழங்கால் நோ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. அவரைக் கீழே இருந்து மலையைக் காட்டிக் கும்பிட வையுங்கள்.

இனி, பலர் தயங்குகிற பகுதி. மதுரையை எரித்த கண்ணகி கடல் கடந்து எங்கள் பக்கம் வந்தாள், ஒன்பது இடத்தில் தங்கிப் பத்தாவதாகத் தங்கிய இடம் பத்தாப்பளை, அதுவே வற்றாப்பளை ஆயிற்று என்று எல்லோரும் சொல்லிக் கேட்டு வளர்ந்தோம். நந்திக்கடல் கரையில் மாடு மேய்த்த பொடியன்கள் ஒரு கிழவியைக் கண்டார்கள், பந்தல் போட்டுக் கொடுத்தார்கள், புக்கை பொங்கிக் கொடுத்தார்கள், விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றபோது கடல் தண்ணியை ஊற்றி எரியுங்கள் என்றாள், எரிந்தது. தலையில் பேன் பார்க்கச் சொன்னாள், மயிரை விலக்கினால் தலை நிறையக் கண். இந்தக் கதை சிலப்பதிகாரத்தில் இல்லை. நூலில் அவள் மேற்கே போனாள், எங்கள் கதையில் தெற்கே வந்தாள். ஒரு மாணவி ஒருமுறை எழும்பி, "அப்ப எது சேர் பொய்?" என்று கேட்டாள். அன்றைக்குச் சொன்னதையே இன்றைக்கும் சொல்கிறேன். நூல் சொல்வது ஒரு புலவர் கட்டிய கதை, எங்கள் கதை ஒரு கோயிலின் சடங்கு எப்படி வந்தது என்பதைச் சொல்வது. சிலப்பதிகாரம் முழுதாக அச்சில் வந்ததே 1892இல், உ.வே.சாமிநாதையர் பதிப்பாக. வன்னியிலும் மட்டக்களப்பிலும் சனம் அதற்கு முன்பிருந்தே கண்ணகியைத் தங்கள் பாட்டில் பாடி வந்திருக்கிறது. அந்தப் பாட்டுக் கதைகளில் அவள் புகாரில் பிறந்தவள்கூட இல்லை. பாண்டியனின் தோட்டத்து மாமரத்தில் மாங்கனியாக உருவெடுத்து, பேழையில் வைத்துக் கடலில் விடப்பட்டு, வணிகன் கையில் சேர்ந்தவள். சிங்களவரின் பத்தினித் தெய்வக் கதையிலும் அந்த மாங்கனி வருகிறது. அப்படிப் பார்த்தால் உங்கள் அம்மம்மா பார்க்க ஆசைப்படுவது அம்மாளாச்சி எரித்த ஊரை மட்டுமல்ல, அவள் பிறந்த வீட்டையும்தான்.

இலங்கைத் தொடர்பு வெறும் ஊர்க்கதையும் அல்ல. செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த விழாவில் வந்து நின்ற அரசர்களில் "கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தனும்" ஒருவன் என்று சிலப்பதிகாரமே சொல்கிறது. அவன் தன் நாட்டில் கண்ணகிக்குக் கோட்டம் எடுத்து, ஆடி மாதத்தில் விழா நடத்த, மழை பெய்து விளைச்சல் பெருகியது என்று அந்நூலின் முன்பகுதியான உரைபெறு கட்டுரை சொல்கிறது. கஜபாகு என்ற அரசன் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் ஆண்டான், அது நிச்சயம். அவன் சேர நாட்டுக்குப் போய்ப் பத்தினி வழிபாட்டைக் கொண்டுவந்தான் என்பது சந்தேகம், ஏனென்றால் மகாவம்சம் அதைப் பற்றி மூச்சே விடவில்லை, பிந்திய சிங்கள நூல்கள்தான் சொல்கின்றன. சிலப்பதிகாரமே 5ஆம் நூற்றாண்டை ஒட்டியது அல்லது அதற்குப் பிந்தியது என்று கருதும் அறிஞர்கள் நிறைய. ஆனால் கதையின் வேர் அதற்கும் பழையது. நற்றிணை 216ஆம் பாட்டில் வேங்கை மரம், அயலான் ஒருவனால் வந்த கவலை, ஒருமுலை அறுத்த திருமாவுண்ணி என்ற பெண், எல்லாம் ஒரே மூச்சில் வருகின்றன. அவள் கண்ணகிதானா என்று அறிஞர்கள் வாதாடுகிறார்கள். நான் அவளே என்று நினைப்பவன், ஆனால் பரீட்சைக்கு அப்படி எழுது என்று யாருக்கும் சொன்னதில்லை.

எல்லாக் கதையிலும் ஒத்து வருவது மழையும் நோயும். பாண்டிய நாட்டில் மழை பொய்த்து வெப்புநோய் வந்ததும் பாண்டியன் வெற்றிவேற் செழியன் கண்ணகிக்குச் சாந்தி செய்தான். எங்கள் பக்கத்திலும் அம்மாள் வருத்தம், அதாவது அம்மை நோய், என்றால் அவள் வாசலுக்குத்தான் ஓடினோம், மழை இல்லையென்றாலும் அவளிடம்தான். யாழ்ப்பாணத்தில் 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் கண்ணகி வழிபாட்டைச் சைவ முறைக்குப் புறம்பானது என்று கடுமையாக எதிர்த்தார். அதன்பின் அங்கே பல கண்ணகை அம்மன்கள் இராசராசேசுவரி, புவனேசுவரி என்று பெயர் மாறினார்கள். மட்டுவில் பன்றித்தலைச்சி போலச் சில இடங்களில் பழைய பெயர் நின்றது. வன்னியில் அந்த மாற்றம் அவ்வளவாக எட்டவில்லை. நாவலரின் தமிழ்த்தொண்டைத் தலையில் வைத்து மதிக்கிறேன், இந்த ஒரு விசயத்தில் அவர் சொல் எங்கள் காட்டுக்குள் வந்து சேராதது எங்கள் நல்லகாலம் என்றே நினைக்கிறேன். மதுரையில் ஒரு மூலைச் சந்நிதியில் நிற்பவளுக்கு இங்கே ஒரு மாவட்டமே திரண்டு வந்து பொங்குகிறது. முல்லைத்தீவுக் கடலில் எடுத்துவந்த தண்ணீரில் முல்லியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் ஒரு கிழமை விளக்கெரிகிறது என்பது எங்கள் நம்பிக்கை. திரி நுனியில் உப்புப் பொரிகிற மெல்லிய சத்தம் கிட்டப் போய் நின்றால் கேட்கும். அதை அம்மம்மாவுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே என் யோசனை இது. உடம்பு இடம் கொடுத்தால் காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக் கப்பலில் போங்கள். 2023இல் தொடங்கிய சேவை, காலநிலையைப் பொறுத்து நின்று நின்று ஓடுகிறது, ஆகவே முதலே விசாரியுங்கள். அது சரிவராவிட்டால் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம். கப்பலில் போனால் இறங்குவது சோழக் கரையில். காரைக்கால், தரங்கம்பாடி வழியாக வடக்கே போனால் பூம்புகார். பழைய பட்டினம் கடலுக்குள் போய்விட்டது, கரையில் 1973இல் கட்டிய சிலப்பதிகாரக் கலைக்கூடம் இருக்கிறது. கதை முழுவதும் சுவரில் சிற்பமாக இருப்பதால், எழுத்து வாசிக்கத் தெரியாதவரும் தானே கதை சொல்லிக்கொண்டு நடக்கலாம். அங்கிருந்து திருச்சி வழியாக மதுரை. கோவலனும் கண்ணகியும் காவிரிக் கரையால் நடந்து உறையூர் தாண்டிப் போன வழியும் ஏறக்குறைய அதுதான். மதுரையில் முதல்நாள் மீனாட்சி, இரண்டாம் நாள் விடியச் செல்லத்தம்மன், பின்னேரம் மேல வெளி வீதி. நேரமும் தெம்பும் இருந்தால் 12 கிலோமீற்றர் தள்ளிக் கீழடி. கண்ணகி கதைக்கு நேரடிச் சான்று எதுவும் அங்கே கிடையாது, ஆனால் வைகைக் கரையில் செங்கற் கட்டடமும் எழுத்துப் பொறித்த பானை ஓடுமாக எவ்வளவு பழைய நகர வாழ்க்கை இருந்தது என்பது கண்ணுக்குத் தெரியும்.

சித்திரைத் திருவிழா நேரம் வேண்டாம் என்று சிலர் சொல்லியிருப்பார்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளும் மங்கலதேவி திறக்கும் நாளும் ஒரே சித்திரா பௌர்ணமி, இரண்டையும் பார்க்க முடியாது, மதுரைச் சனநெரிசலில் வயதானவரைக் கொண்டுபோகவும் கூடாது. பௌர்ணமி கழிந்து நாலு நாள் விட்டு மதுரைக்குப் போங்கள். வெயில் கடுமையாக இருக்கும், ஊர் கொஞ்சம் மூச்சு விடும். ஒரு கிழமையில் பார்த்து முடித்துத் திரும்பினால், வைகாசிப் பொங்கலுக்குத் தீர்த்தமெடுக்கிற திங்கட்கிழமைக்கு முன் அம்மம்மா ஒட்டுசுட்டானில் இருப்பார். செல்லத்தம்மனுக்கு வைக்க வெற்றிலை பாக்கு அங்கேயே வாங்கலாம். பொங்கல் அரிசியில் ஒரு பிடி மட்டும் வீட்டிலிருந்து முடிந்து கொண்டுபோய், அந்தச் சந்நிதியில் காட்டிக் கும்பிட்டுவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து வற்றாப்பளைப் பானையில் போடச் சொல்லுங்கள். என் அம்மா ஊர் திரும்பிய வருடம் அப்படித்தான் செய்தார்.